பரேசி போட்ட கோடு

உயரம் 176 சென்டிமீட்டர். பெரிய உடம்பும் கிடையாது. ஆனாலும் இருபது பருவங்கள் ஒரே அணிக்கு ஆடி, தடுப்பாட்டம் என்பதன் பொருளையே மாற்றிக் காட்டினார் ஃபிராங்கோ பரேசி. இத்தாலிய டிஃபண்டர்களின் நீண்ட வரிசையில் அவருக்கு ஏன் தனி இடம்?

மிலனெல்லோ பயிற்சி மைதானம், 1980-களின் கடைசி. ஒரு பக்கம் பத்துப் பேர் நிற்கிறார்கள். ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன், ஃபிராங்க் ரைகார்ட், ராபர்ட்டோ டோனடோனி, கார்லோ அன்செலோட்டி என்று நீளும் பட்டியல் அது. எதிரே ஐந்தே பேர். கோல் கீப்பர் ஜியோவானி கல்லி, அவருக்கு முன்னால் மௌரோ தஸோட்டி, அலெஸாண்ட்ரோ கோஸ்டகுர்டா, ஃபிராங்கோ பரேசி, பாவ்லோ மால்டினி. பதினைந்து நிமிடத்துக்குள் பத்துப் பேரும் சேர்ந்து ஒரு கோல் அடித்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: பந்தைப் பறிகொடுத்தால், தங்கள் பாதிக்குள் பத்து மீட்டர் பின்னே போய் மறுபடி தொடங்க வேண்டும்.

ஏசி மிலன் பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. இத்தனை பயிற்சி எதற்கு என்று குல்லிட்டும் வான் பாஸ்டனும் சலித்துக்கொண்டபோது, ஒழுங்காக நிற்கும் ஐந்து பேர் ஒழுங்கில்லாத பத்துப் பேரை வெல்வார்கள் என்று நிரூபிக்க அவர் வைத்த பரீட்சை. எத்தனை முறை வைத்தாலும் ஒரு கோல்கூட விழவில்லை என்பார் சாக்கி.

யோசனை சாக்கியுடையது. ஆனால், பயிற்சியாளர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர். எந்த நொடியில் நான்கு பேரும் முன்னேற வேண்டும், எந்த நொடியில் பின்வாங்க வேண்டும் என்று உள்ளே நின்று முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பரேசி. எதிரணி முன்னேறி வந்த பிறகு தடுப்பதுதான் டிஃபண்டரின் வேலை என்று உலகம் நினைத்திருந்த காலத்தில், ஆட்டம் எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பதையே டிஃபண்டர் தீர்மானிக்கலாம் என்று காட்டியவர் அவர். அவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தாலும், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

வேண்டாம் என்றது இன்டர்

வட இத்தாலியில் பிரெஷா நகரத்தை ஒட்டிய சிற்றூர் திராவல்யாட்டோ. 1960 மே 8 அன்று அங்கே பிறந்தார் பரேசி. நிலமும் உழைப்புமான குடும்பம். மாலையானால் தேவாலயத்தின் திடலில் பந்து. பதின்ம வயதைத் தாண்டுவதற்குள் தாயும் இல்லை, தந்தையும் இல்லை என்றாகிவிட்டது.

அண்ணன் ஜூசெப்பே இரண்டு வயது மூத்தவர். அவரை மிலன் நகரத்தின் இன்டர் அணி இளையோர் பிரிவில் சேர்த்துக்கொண்டது. அண்ணன் வழியில் போன தம்பியைப் பார்த்துவிட்டு, உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பியது. அதே நகரத்தின் இன்னொரு அணியான ஏசி மிலன் எடுத்துக்கொண்டபோது ஃபிராங்கோவுக்கு வயது 14. வீட்டை இழந்த பையனுக்கு அந்த அணியின் விடுதியே வீடானது. மிலன்தான் தன் குடும்பம் என்று பின்னாளில் அவர் சொன்னபோது அதில் மிகை எதுவும் இருக்கவில்லை.

ஆண்டுகள் கழித்து, சான் சீரோ மைதானத்தில் மிலன் நகரத்தின் இரண்டு அணிகளும் மோதும் டெர்பி ஆட்டங்களில், நீல-கறுப்புச் சட்டையில் இன்டர் கேப்டனாக அண்ணனும் சிவப்பு-கறுப்புச் சட்டையில் மிலன் கேப்டனாகத் தம்பியும் நடுவட்டத்தில் கைகுலுக்கினார்கள். தொடக்கத்தில் ‘பரேசியின் தம்பி’ என்று அழைக்கப்பட்டவர், அண்ணனை ‘பரேசியின் அண்ணன்’ ஆக்கியிருந்தார்.

1978 ஏப்ரல் 23, வெரோனாவுக்கு எதிரான ஆட்டம். 18 வயது நிரம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோம் அவரை முதல் அணியில் இறக்கினார். அடுத்த பருவத்தில் நிரந்தர இடம். 1979-இல் மிலன் தன் பத்தாவது லீக் பட்டத்தை வென்றது. மிலனின் பெரும் நாயகன் ஜியான்னி ரிவேரா அந்தப் பட்டத்தோடு விடைபெற்றார். ஒரு தலைமுறை கிளம்பும் வாசலில் அடுத்த தலைமுறை நுழைந்துவிட்டது. அணியில் மூத்தவர்கள் அவருக்கு வைத்த செல்லப்பெயர் ‘பிஷினின்’. மிலன் வட்டார வழக்கில் ‘பொடியன்’.

இரண்டு முறை இறங்கிய அணி

பொடியனுக்குக் கிடைத்த மகிழ்ச்சி ஓராண்டுதான். 1980-இல் இத்தாலியக் கால்பந்தை உலுக்கிய ‘டோட்டோநேரோ’ சூதாட்ட ஊழலில் மிலனும் சிக்கியது. கிளப்பின் தலைவரும் கோல் கீப்பரும் தண்டிக்கப்பட்டார்கள். லாட்ஸியோவுடன் சேர்த்து மிலனும் இரண்டாம் பிரிவான சீரி பி-க்கு இறக்கப்பட்டது. ஒரே பருவத்தில் மேலே ஏறி வந்த அணி, 1982-இல் மறுபடி இறங்கியது. இம்முறை ஊழல் காரணமில்லை. மோசமாக ஆடி இறங்கியது. அந்தப் பருவத்தில் ரத்தம் தொடர்பான நோயால் பரேசியும் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்.

1982 கோடையில் அவர் நிலையைப் பாருங்கள். ஸ்பெயினில் உலகக் கோப்பை. இத்தாலியின் பயிற்சியாளர் என்ஸோ பெயர்ஸாட், சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட ஆடியிராத 22 வயது பரேசியை அணியில் சேர்த்திருந்தார். கயேட்டானோ ஷிரேயா என்ற மேதை அதே தடுப்பு இடத்தில் ஆடியதால் பரேசி ஒரு நிமிடம்கூடக் களமிறங்கவில்லை. இத்தாலி கோப்பையை வென்றது. உலக சாம்பியன் பதக்கத்தோடு ஊர் திரும்பியவர், அடுத்த பருவத்தை இரண்டாம் பிரிவில் தொடங்கினார்.

அப்போது அவர் அணி மாறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாறவில்லை. 22 வயதிலேயே கேப்டன் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு அணியை மேலே கொண்டுவந்தார். மிலன் ரசிகர்கள் பரேசியின் பெயரை இன்றும் உரிமையோடு சொல்வதற்கு அவர் வென்ற கோப்பைகளைவிட அந்த இரண்டாம் பிரிவு ஆண்டுகளே பெரிய காரணம்.

தேசிய அணியில் கதை வேறு மாதிரி போனது. 1986 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு பெயர்ஸாட் ஃபிராங்கோவை அழைக்கவில்லை. அண்ணன் ஜூசெப்பேவை அழைத்தார்.

நால்வருக்குப் பின்னால் ஒருவர்

பரேசியின் ஆட்டம் புரிய வேண்டுமானால், அவருக்கு முன்பு இத்தாலியர்கள் எப்படித் தடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1960-களில் இன்டர் பயிற்சியாளர் எலேனியோ எரேராவும் மிலன் பயிற்சியாளர் நெரேயோ ரோக்கோவும் புகழ்பெறச் செய்த முறை ‘கதனாச்சோ’. எதிரணியின் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கருக்கும் ஒரு டிஃபண்டர் நிழலாக ஒட்டிக்கொள்வார். அவர்கள் எல்லாருக்கும் பின்னால், யாரையும் குறிவைக்காமல், ஒருவர் தனித்து நிற்பார். அவர் பெயர் ‘லிபெரோ’. முன்னால் இருப்பவர்கள் கோட்டை விட்டால் கடைசியில் வந்து காப்பாற்ற வேண்டியவர்.

எதிரி எங்கே போகிறானோ அங்கே போவது இந்த முறை. அதாவது, எங்கே ஆடுவது என்று முடிவெடுப்பவன் எதிரி. கடைசி ஆள் பின்னால் நிற்க நிற்க, மொத்த அணியும் கோலுக்குப் பக்கத்தில் போய்ச் சுருங்கிவிடும். பந்தைப் பறித்தாலும் எதிரி கோல் எங்கோ தொலைவில் இருக்கும். பரேசியும் இந்தப் பள்ளியில் லிபெரோவாக வளர்ந்தவர்தான். பந்தைப் பறித்ததும் அதைக் காலில் வைத்துக்கொண்டு நடுக்களம் தாண்டி ஓடும் பழக்கம் அவருக்கு அப்போதே இருந்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஸ் பெக்கன்பாவரை நினைவூட்டியதால் ‘கைஸர் ஃபிரான்ஸ்’ என்றும் அழைத்தார்கள்.

1986-இல் தொலைக்காட்சி முதலாளி சில்வியோ பெர்லுஸ்கோனி மிலனை வாங்கினார். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த பயிற்சியாளர்தான் அர்ரிகோ சாக்கி. பெரிய அணிகளில் ஆடிய அனுபவமே இல்லாதவர். இரண்டாம் பிரிவில் பார்மாவைப் பயிற்றுவித்துவிட்டு வந்தவர். வந்தவர் செய்த வேலைகளில் ஒன்று, பார்மாவில் தன்னிடம் ஆடிய ஜியான்லூகா சின்யோரினி என்ற டிஃபண்டரின் வீடியோக்களைப் பரேசியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. உலகக் கோப்பைப் பதக்கம் வைத்திருக்கும் கேப்டன், இரண்டாம் பிரிவு ஆட்டக்காரரைப் பார்த்துக் கற்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? முறைத்துக்கொண்டு போயிருக்கலாம். 27 வயதில், பத்து வருட அனுபவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் புதுப்பாடம் படிக்க உட்கார்ந்தார்.

சாக்கியின் 25 மீட்டர்

சாக்கியின் பாடம் கேட்க எளிது. முன்வரிசை ஸ்ட்ரைக்கருக்கும் கடைசி டிஃபண்டருக்கும் நடுவே 25 மீட்டர், மிஞ்சினால் 30 மீட்டர்தான் இருக்க வேண்டும். நூறு மீட்டர் நீள மைதானத்தில் எதிரணி ஆடக் கிடைப்பது அந்த ஒடுக்கமான பட்டை மட்டும். அங்கே பந்தைத் தொட்டால் உடனே இரண்டு மூன்று பேர் சூழ்ந்துவிடுவார்கள். லிபெரோ பின்னால் நிற்கக் கூடாது. நான்கு டிஃபண்டர்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆளைக் காவல் காப்பதற்குப் பதில் இடத்தைக் காவல் காக்க வேண்டும்.

இதில் ஆபத்தும் அவ்வளவே. டிஃபண்டர்கள் நடுக்கோட்டுக்கு அருகில் ஏறி நின்றால், அவர்களுக்கும் கோல் கீப்பருக்கும் நடுவே பெரிய வெற்றிடம் திறந்து கிடக்கும். அங்கே ஒரு நீளமான பாஸ் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இந்த வெற்றிடத்துக்குக் காவல் ஆஃப்சைடு விதி. சக வீரர் பந்தை உதைக்கும் அந்த நொடியில், ஸ்ட்ரைக்கர் கடைசி டிஃபண்டரைத் தாண்டி நின்றால் ஆட்டம் நிறுத்தப்படும். உதைக்கும் அந்த நொடிக்குச் சற்று முன்பு நான்கு பேரும் இரண்டடி முன்னே வந்தால், ஒழுங்காக நின்றிருந்த ஸ்ட்ரைக்கர் தானாகவே ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வார். வடம் பிடிப்பவர்களில் ஒருவர் தாளம் தவறினாலும் தேர் கோணிப்போவதுபோல, நால்வரில் ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் பொறி கலைந்துவிடும். அதனால்தான் சாக்கி, பந்தே இல்லாமல் அணியை நிறுத்தி, பந்து இங்கே இருப்பதாக நினைத்துக்கொள், அங்கே போனதாக நினைத்துக்கொள் என்று மணிக்கணக்கில் நகரவைத்தார்.

அந்தக் கை

சைகை கொடுத்தவர் பரேசி. பழைய வீடியோக்களை இன்றும் பாருங்கள்: கால்சட்டைக்கு வெளியே தொங்கும் ஆறாம் எண் சட்டை, வானை நோக்கி உயர்ந்த கை, லைன்ஸ்மேனை நோக்கித் திரும்பிய முகம். கை உயர்ந்ததால் கொடி உயரவில்லை. அதற்கு முன்பே வேலை முடிந்திருக்கும்.

எப்படி முடிவெடுத்தார் என்பதற்குச் சூத்திரம் உண்டு. இத்தாலியப் பயிற்சியாளர்கள் பந்து மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கேட்பார்கள். பந்தை வைத்திருப்பவர் முன்னால் நம் ஆள் நெருக்கி நிற்கிறாரா? அவர் முதுகைக் காட்டி நிற்கிறாரா? அப்படியானால் பந்து மூடியிருக்கிறது. நீளமாக உதைக்க அவருக்கு வழியில்லை. கோடு துணிந்து முன்னேறலாம். நிமிர்ந்து பார்க்க நேரமும் இடமும் அவருக்கு இருந்தால் பந்து திறந்திருக்கிறது. உடனே திரும்பிப் பின்னால் ஓட வேண்டும். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. களத்தில், 70 ஆயிரம் பேர் கத்தும்போது, ஒரு மிட்ஃபீல்டரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்து, பந்து அவர் காலைத் தொடும் முன்பே முடிவெடுக்க வேண்டும். பரேசி பெரும்பாலும் பந்தையே பார்ப்பதில்லை. பந்தை அனுப்பப்போகிறவரின் உடலைப் பார்ப்பார்.

அவருடைய மற்ற திறமைகளும் இதிலிருந்துதான் பிறந்தன. அரை நொடி முன்னே தெரிந்துவிடுவதால் வேகத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்கவில்லை. ஸ்ட்ரைக்கருக்கு வரும் பாஸின் வழியில் முன்கூட்டியே காலை வைத்துப் பறிப்பதால், உயரமும் எடையும் தேவைப்படவில்லை. தரையோடு சறுக்கிப் பந்தை எடுக்கும் ஸ்லைடிங் டாக்கிளில் அவர் கைகாரர்; எடுத்த வேகத்திலேயே எழுந்து, பந்தோடு முன்னேறுவார். தடுப்பதும் தாக்குவதும் அவருக்கு ஒரே அசைவின் இரண்டு பாதிகள்.

குறைகளும் இருந்தன. தேவைப்பட்டால் ஆளை வீழ்த்தவும் தயங்காதவர் என்பதால் அட்டைகள் வாங்கினார். முதல் பிரிவான சீரி ஆ வரலாற்றில் சொந்த கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளியவர்கள் பட்டியலில், இன்டரின் ரிக்கார்டோ ஃபெர்ரியோடு அவர் பெயரும் முன்வரிசையில் இருக்கிறது: தலா எட்டு கோல். இருபது பருவம் கோல் வாசலில் ஆபத்தான பந்துகளுக்கெல்லாம் முதலில் கால் நீட்டியவருக்கு அந்தக் கணக்கும் சேரத்தான் செய்யும்.

பட்டங்களும் ஓர் இரண்டாமிடமும்

பலன் உடனே தெரிந்தது. 1987-88 பருவத்தில் மிலன் 30 லீக் ஆட்டங்களில் வாங்கியது 14 கோல் மட்டுமே. 1988 மே 1 அன்று நேப்பிள்ஸ் நகரில், டியகோ மரடோனாவின் நாப்போலியை 3-2 என்று வென்று பட்டத்தை நோக்கிப் பாய்ந்தது.

ஐரோப்பாவுக்கு இந்தக் கோட்டின் வலிமையை உணர்த்தியது 1989. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டோடு அதன் சொந்த மைதானத்தில் 1-1. ஏப்ரல் 19 அன்று சான் சீரோவில் மறு ஆட்டம். 5-0. ஸ்பெயினின் சாம்பியன் அணி நடுக்களத்தில் மூச்சுத் திணறியது. மே 24 அன்று பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானத்தில் நடந்த இறுதியில் ருமேனியாவின் ஸ்டேவாவுக்கு எதிராக 4-0. அடுத்த ஆண்டு வியன்னாவில் பென்ஃபிகாவை 1-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தது.

1989-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதில் முதல் மூன்று இடமும் மிலனுக்கே. வான் பாஸ்டன் முதலிடம், பரேசி இரண்டாமிடம், ரைகார்ட் மூன்றாமிடம். கோல் அடிப்பவர்களுக்கென்றே இருப்பதுபோல் தோன்றும் அந்த விருதில், நடக்காமல் போன கோல்களுக்காக ஒருவர் இரண்டாம் இடம் வரை வந்தது சாதாரணமில்லை.

1990-இல் ஆஃப்சைடு விதி திருத்தப்பட்டது. அதுவரை ஸ்ட்ரைக்கர் கடைசி டிஃபண்டருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. இனிமேல் சமமாக நின்றால் குற்றமில்லை. பொறி வைப்பவர்களுக்கு அது நேரடி அடி. 1992-இல் இன்னொரு மாற்றம்: சக வீரர் காலால் தள்ளும் பந்தை கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. நெருக்கடி வந்தால் பந்தைக் கீப்பரிடம் தள்ளிவிட்டு மூச்சு வாங்கிய டிஃபண்டர்கள் திண்டாடினார்கள். காலில் பந்து வந்தால் பதறாத பரேசிக்கு அது பெரிய மாற்றமாகவே தெரியவில்லை.

1991-இல் சாக்கி தேசிய அணிக்குப் போக, மிலனுக்கு ஃபேபியோ கபெல்லோ வந்தார். கோட்டைச் சற்றே பின்னால் இறக்கினார். துணிச்சலைக் கொஞ்சம் குறைத்து எச்சரிக்கையைக் கூட்டினார். 1991-92 பருவத்தின் 34 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் மிலன் தோற்கவில்லை. அந்தத் தோல்வியற்ற ஓட்டம் 58 ஆட்டங்கள் நீண்டு, 1993 மார்ச்சில் பார்மாவின் ஃபௌஸ்டினோ அஸ்ப்ரியா அடித்த ஃப்ரீ கிக்கில்தான் நின்றது. 1993-94 இன்னும் விசித்திரம். 34 ஆட்டங்களில் மிலன் அடித்தது 36 கோல், வாங்கியது 15. ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற கணக்கில் அடித்துவிட்டு சாம்பியன் ஆனார்கள். அந்தப் பருவத்தில் கோல் கீப்பர் செபாஸ்டியானோ ரோஸ்ஸி 929 நிமிடங்கள் கோலே வாங்காமல் இருந்தார். கீப்பரின் சாதனை என்று எழுதப்பட்டாலும், அவரை வேலையில்லாமல் வைத்திருந்தவர்கள் அவருக்கு முன்னால் நின்ற நால்வர்.

பரேசி: எண்களில்

பிறப்பு: 1960 மே 8, திராவல்யாட்டோ
மிலனுக்காக: 719 ஆட்டங்கள், 33 கோல்கள் (1978–1997)
சீரி ஆ பட்டங்கள்: 6 (1979, 1988, 1992, 1993, 1994, 1996)
ஐரோப்பியக் கோப்பை/சாம்பியன்ஸ் லீக்: 3 (1989, 1990, 1994)
இத்தாலிக்காக: 81 ஆட்டங்கள், 1 கோல்
உலகக் கோப்பை: 1982 தங்கம், 1990 வெண்கலம், 1994 வெள்ளி

24 நாள்

உலகக் கோப்பையில் மூன்று பதக்கங்களும் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால், பரேசிக்கு அவை எளிதாக வரவில்லை.

1990-இல் உலகக் கோப்பை இத்தாலியிலேயே நடந்தது. பரேசி தலைமையிலான தடுப்பரண், அரையிறுதியில் அர்ஜென்டினாவின் கிளாடியோ கனீஜியா தலையால் ஒரு கோலை அடிக்கும் வரை, கோலே வாங்கவில்லை. அந்த ஆட்டம் பெனால்டிக்குப் போனது. இத்தாலியின் முதல் உதையை எடுத்தவர் பரேசி, கோலாக்கினார். பின்னால் வந்தவர்களில் இருவர் தவறவிட்டார்கள். மூன்றாமிடத்தோடு திருப்திப்பட வேண்டியதானது.

நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்கா. கேப்டன் பரேசிக்கு வயது 34. தேசிய அணியின் பயிற்சியாளர் சாக்கி. முதல் ஆட்டத்தில் அயர்லாந்திடம் 0-1 தோல்வி. ஜூன் 23 அன்று நார்வேக்கு எதிராக வென்றே ஆக வேண்டிய நிலை. முதல் பாதியிலேயே கோல் கீப்பர் ஜியான்லூகா பல்யூகா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மாற்று கீப்பரை இறக்குவதற்காக ராபர்ட்டோ பாஜ்ஜியோவை வெளியே எடுத்தார் சாக்கி. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பரேசியின் முழங்கால் விட்டுப்போனது. பத்துப் பேரோடு இத்தாலி 1-0 என்று வென்றது. கேப்டனை மருத்துவமனைக்கு அனுப்பியது.

முழங்காலின் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு கிழிந்திருந்தது. அமெரிக்காவிலேயே அறுவை சிகிச்சை. சாதாரண லீக் பருவத்தில் இப்படி நடந்தால், ஒரு மாதத்துக்கு அந்தப் பெயரைப் பட்டியலில் தேடவே மாட்டார்கள். 34 வயதுக்காரருக்கு இன்னும் அதிகம். அவருடைய உலகக் கோப்பை முடிந்தது என்றே எல்லாரும் எழுதினார்கள். இத்தாலியோ பாஜ்ஜியோவின் கோல்களால் ஒவ்வொரு சுற்றாகத் தப்பித் தப்பி இறுதிக்கு வந்துவிட்டது. வந்த இடத்தில் சிக்கல்: கோஸ்டகுர்டாவும் தஸோட்டியும் தடையில். மிலனின் நால்வரில் மிச்சம் மால்டினி மட்டும்.

ஜூலை 17, பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானம். காயம்பட்டு 24 நாள் ஆகியிருந்தது. 94 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால், கலிஃபோர்னியாவின் நண்பகல் வெயிலில், கேப்டன் பட்டையோடு இறங்கினார் பரேசி. எதிரே அந்தத் தொடரின் மிக அபாயகரமான ஜோடி: பிரேசிலின் ரொமாரியோவும் பெபெட்டோவும். மால்டினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் 90 நிமிடம் அல்ல, கூடுதல் நேரமும் சேர்த்து 120 நிமிடம் கோல் அடிக்க விடவில்லை. இந்த ஆட்டத்தின் பதிவைப் பார்த்தால் அவர் எவ்வளவு குறைவாக ஓடுகிறார் என்பது தெரியும். ரொமாரியோ திரும்பும் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கிறார். பெபெட்டோவுக்கு வரும் பாஸின் முன்னால் கால் இருக்கிறது. முழங்கால் அனுமதிக்காததைக் கண்ணும் கணக்கும் செய்தன. உலகக் கோப்பை வரலாற்றில் கோலே விழாத முதல் இறுதியாட்டம் அது. சலிப்பான ஆட்டம் என்று பலர் ஒதுக்குவார்கள். தடுப்பாட்டம் படிக்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

பிறகு பெனால்டி. 1990-இல் போலவே இத்தாலியின் முதல் உதை பரேசிக்கு. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. மண்டியிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். பிரேசிலின் முதல் உதையைப் பல்யூகா தடுத்து அவருக்கு உயிர் கொடுத்தார். ஆனால் டானியேலே மஸ்ஸாரோவின் உதையை பிரேசில் கீப்பர் தஃபரேல் தடுக்க, கடைசியில் பாஜ்ஜியோவின் உதையும் கம்பத்துக்கு மேலே போனது. 3-2. உலகம் பாஜ்ஜியோவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது. பரேசியோ சாக்கியின் தோளில் சாய்ந்து, கேமராக்கள் சூழ, மறைக்க முயலாமல் அழுதார். அத்தனை ஆண்டுகள் முகத்தில் எதையும் காட்டாமல் ஆடியவர் என்பதால் இத்தாலியர்களுக்கு அந்த அழுகை இன்றும் மறக்கவில்லை.

அவர் இல்லாத நாள், அவர் தளர்ந்த நாள்

பரேசியின் இடத்தை எடைபோட இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று பாசடீனாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 1994 மே 18 அன்று ஏதென்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி. எதிரணி யோஹான் க்ரைஃப் பயிற்றுவித்த பார்சிலோனா; ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ், கூமன், குவார்டியோலா என்று நட்சத்திரங்கள். தடை காரணமாகப் பரேசியும் இல்லை, கோஸ்டகுர்டாவும் இல்லை. மால்டினியும் ஃபிலிப்போ கல்லியும் நடுவில் நின்றார்கள். மிலன் தோற்கும் என்றுதான் பெரும்பாலோர் கணித்தார்கள். முடிவு 4-0, மிலன் பக்கம். அப்படியானால் கோடு பரேசியைச் சார்ந்ததில்லை, சாக்கியும் கபெல்லோவும் வகுத்த முறையைச் சார்ந்தது என்று வாதிடலாம்.

இரண்டாவது 1997 ஏப்ரல். அந்தப் பருவத்தின் நடுவில் மிலன் தடுமாறியபோது மீண்டும் சாக்கியையே அழைத்து வந்தார்கள். அதே பயிற்சியாளர், அதே பாடம். ஏப்ரல் 6 அன்று சான் சீரோவில் யுவென்டஸிடம் 1-6 என்று அவமானப்பட்டது மிலன். பருவத்தை 11-வது இடத்தில் முடித்தது. கேப்டனுக்கு அப்போது 37 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அணியில் புதியவர்கள் பலர். முறை மட்டும் போதும் என்றால் சாக்கியின் இரண்டாம் வருகை இப்படி முடிந்திருக்கக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கிறது. ஏதென்ஸில் ஆடிய தஸோட்டிக்கும் மால்டினிக்கும் ஃபிலிப்போ கல்லிக்கும் பரேசியின் குரல் பல ஆண்டுப் பழக்கம். அவர் இல்லாதபோதும் எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பது அவர்களின் காலுக்குத் தெரிந்திருந்தது. 1997-இல் வந்த புதியவர்களுக்கு அந்தப் பழக்கம் ஊற நாள் போதவில்லை. ஊட்டவேண்டியவரின் உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கரும்பலகையில் எவரும் நான்கு புள்ளி வைத்துக் கோடு போடலாம். அதை உயிரோடு வைத்திருக்க, களத்துக்குள் நின்று தினமும் பிறருக்குச் சொல்லித்தர ஓர் ஆட்டக்காரர் வேண்டும். பரேசி செய்த பெரிய வேலை அதுதான்.

1997-இல் அவர் ஓய்வுபெற்றபோது மிலன் ஆறாம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தது. 1999-இல் நூற்றாண்டின் சிறந்த மிலன் வீரராக ரசிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். லண்டனின் ஃபுல்ஹாம் கிளப்பில் சில மாத நிர்வாகப் பொறுப்பு, மிலனின் இளையோர் அணிக்குப் பயிற்சி என்று தொடர்ந்தவர், பெரிய அணி எதற்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை. ஆனால், அவருடைய பாடம் நிற்கவில்லை. கேப்டன் பட்டை மால்டினிக்குப் போனது. 2003 மே 28 அன்று மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மிலன் மறுபடி சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆடியபோது, யுவென்டஸை 120 நிமிடம் கோலடிக்க விடாமல் நிறுத்திப் பெனால்டியில் வென்றது. அன்று தொடக்க அணியின் நான்கு டிஃபண்டர்களில் இருவர் மால்டினியும் கோஸ்டகுர்டாவும். ஒருவருக்கு வயது 34, இன்னொருவருக்கு 37. பரேசி ஆட்டத்தை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரிடம் படித்த இருவர் அவர் வயதைத் தொட்டு, அவர் நின்ற இடத்தில் நின்று அதே வேலையை மற்ற இரு டிஃபண்டர்களான நெஸ்டாவுக்கும் கலாட்ஸேக்கும் சொல்லித் தந்துகொண்டிருந்தார்கள்.